இன்ஸ்டன்ட் ஃபிலிமுக்குப் பழைய லென்ஸ்: எந்த வழி யாருக்குப் பொருந்தும்?

எடுத்த உடனே படத்தை அட்டையாக வெளியே தள்ளும் ஃபியூஜியின் இன்ஸ்டாக்ஸ் மினி கேமராக்கள் பெரும்பாலானவற்றில் இருப்பது 60 மி.மீ. எஃப்/12.7 லென்ஸ். (லென்ஸின் குவிய நீளத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் வருவது எஃப் எண்; எண் குறைந்தால் துளை பெரிது.) வெளிச்சம் நுழையும் துளையின் விட்டம் ஐந்து மி.மீ.கூட வராது. மாமியா ஆர்பி67 என்ற பெரிய ஃபிலிம் கேமராவுக்கு வந்த 127 மி.மீ. எஃப்/3.8 லென்ஸில் அதே துளை 33 மி.மீ. முகம் மட்டும் துலங்கி, பின்னணி கரைந்து நிற்கும் ஒரு படம் உள்ளங்கை அளவு அட்டையில் வேண்டுமென்றால் இந்த வித்தியாசத்தைக் கடந்தே ஆகவேண்டும். அறைக்குள் எடுப்பதற்கும் அப்படித்தான். எஃப்/4-ஐ விட எஃப்/12.7-க்குப் பத்து மடங்கு வெளிச்சம் தேவை. அதனால்தான் மினி கேமராக்கள் வீட்டுக்குள் எப்போதும் ஃபிளாஷை அடிக்கின்றன. சுவரில் கறுப்பு நிழல், நெற்றியில் வெள்ளைத் திட்டு என்று எல்லாப் படமும் ஒரே சாயலில் வருவதும் அதனால்தான்.

இதிலிருந்து தப்பிக்கப் பழைய லென்ஸைத் தேடுகிறவர்கள் முதலில் லென்ஸின் பெயரைப் பார்க்கிறார்கள். நான் அதைக் கடைசியில் பார்க்கச் சொல்வேன். இன்ஸ்டன்ட் படத்தை யாரும் பெரிதாக்குவதில்லை. ஃபிலிமில் விழுந்த அதே அளவில்தான் கையில் வைத்துப் பார்க்கிறோம். ஃபிலிமும் நுணுக்கமான கோடுகளைப் பிரித்துக் காட்டுவதில் கெட்டி இல்லை. எனவே புகழ்பெற்ற லென்ஸுக்கும் சாதாரண லென்ஸுக்கும் உள்ள கூர்மை வேறுபாடு அட்டையில் தெரியவே தெரியாது. ஷட்டர் ஒழுங்காக ஓடுகிறதா, லென்ஸின் வெளிச்ச வட்டம் ஃபிலிமை மூடுகிறதா, ஃபிலிம் சரியான தூரத்தில் உட்காருகிறதா என்பவைதான் தெரியும். வழிகளை இந்த மூன்றையும் வைத்தே ஒப்பிடுகிறேன்.

வட்டத்தின் கணக்கு

ஒவ்வொரு லென்ஸும் தனக்குப் பின்னால் ஒரு வெளிச்ச வட்டத்தை விழுத்துகிறது. ஃபிலிமின் மூலைவிட்டம் அந்த வட்டத்துக்குள் அடங்காவிட்டால் மூலைகள் கறுத்துவிடும். இன்ஸ்டாக்ஸ் ஃபிலிம் மினி, ஸ்கொயர், வைட் என மூன்று அளவுகளில் வருகிறது. மினியின் படப்பகுதி 62×46 மி.மீ.; மூலைவிட்டம் 77. ஸ்கொயர் 62×62; அதற்கு 88. வைட் 99×62, அதற்கு 117. போலராய்டின் 600, ஐ-டைப் ஃபிலிம்கள் சுமார் 79 மி.மீ. சதுரம், மூலைவிட்டம் 110 மி.மீ.க்குக் குறையாது.

லென்ஸ் பக்கம் பார்த்தால், 35 மி.மீ. கேமராவுக்குச் செய்த லென்ஸின் வட்டம் ஏறக்குறைய 43 மி.மீ. 6×6 (ஃபிலிமில் விழும் படத்தின் அளவு, செ.மீ.யில்) கேமரா லென்ஸுக்கு 79. 6×7-க்கு 90. 6×9-க்கு 101. 4×5 அங்குலத் தகட்டுக்குச் செய்தவை 150-ஐத் தாண்டும். 6×6 லென்ஸ் மினியை மயிரிழையில் மூடுகிறது, 6×7 லென்ஸ் ஸ்கொயரை மூடுகிறது, வைட் வேண்டுமென்றால் 4×5 பக்கம்தான் நிம்மதி என்பது இந்த எண்களைப் பார்த்தாலே புரியும்.

வட்டம் போதும் என்பதாலேயே படம் முழுதாக வந்துவிடாது. கேமரா உடலின் பின்வாசலையும் பார்க்கவேண்டும். ஹாசல்பிளாட் போன்ற 6×6 கேமராவின் வாசல் 56 மி.மீ. சதுரம். அதன் பின்னால் மினி ஃபிலிமை வைத்தால் நீளப்பக்கத்தில் 62-க்குப் பதில் 56 மி.மீ. மட்டுமே படம் விழும், ஓரங்களில் கறுப்புப் பட்டை நிற்கும். சிலருக்கு அந்தப் பட்டை பிடிக்கும், எனக்குப் பிடிக்காது. வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்ளவேண்டிய விஷயம் என்பதால் சொல்கிறேன்.

35 மி.மீ. லென்ஸ்கள்: கையில் இருப்பதை வைத்து

பலரிடம் ஏற்கெனவே இருப்பது இந்த வகைதான். எம்42 டகுமார், ஹீலியோஸ், பழைய நிக்கார் என்று ஒரு பெட்டி நிறைய இருக்கும். ஆனால் இவற்றை நேரடியாக மினி ஃபிலிமுக்கு முன் வைக்க இரண்டு தடைகள். வட்டம் 43 மி.மீ. என்பதால் நடுவில் உருண்டையாக ஒரு படமும் சுற்றிலும் இருட்டும் வரும். அடுத்தது தூரம். எம்42-இல் மவுண்டிலிருந்து (லென்ஸை உடலில் பூட்டும் வளையம்) ஃபிலிம் வரை 45.46 மி.மீ., நிக்கான் எஃப்-இல் 46.5 மி.மீ. அவ்வளவு இடுக்கில் 62×46 ஃபிலிமுக்குத் தேவையான பெரிய கண்ணாடியை (லென்ஸின் காட்சியைப் பார்க்கும் திரைக்குத் திருப்பிவிடும் முகம் பார்க்கும் கண்ணாடி) தூக்கி இறக்க இடம் கிடையாது.

இதற்கென்றே செய்த கேமராக்கள் இருக்கின்றன. கேனான் ஈஎஃப் மவுண்ட் வைத்து இன்ஸ்டாக்ஸ் மினி ஃபிலிமில் எடுக்கும் நான்ஸ் எஸ்எல்42 அவற்றில் ஒன்று. 35 மி.மீ. லென்ஸின் படத்தை மினி முழுக்கப் பரப்ப விரும்பினால், நடுவில் ஒரு பெரிதாக்கும் லென்ஸ் தொகுதி தேவை. அந்தத் தொகுதி இலவசமாக வேலை செய்யாது. 43-ஐ 77 ஆக்க ஏறக்குறைய 1.8 மடங்கு பெரிதாக்கவேண்டும். வெளிச்சம் ஒன்றேமுக்கால் ஸ்டாப் அளவுக்கு மெலியும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). 50 மி.மீ. எஃப்/1.4 லென்ஸ் ஃபிலிமைப் பொறுத்தவரை 89 மி.மீ. எஃப்/2.5 லென்ஸாகிவிடுகிறது. ஆனாலும் பார்வைக்கோணமும் பின்னணி மங்கலும் 35 மி.மீ. கேமராவில் பழகிய அளவிலேயே கிடைக்கும். எஃப்/12.7-இலிருந்து வருகிறவருக்கு எஃப்/2.5 ஒரு வரம்தான்.

ஈஎஃப் மவுண்டின் தூரம் 44 மி.மீ. அதைவிட நீளமான மவுண்ட்கள் எல்லாம் வெறும் வளைய அடாப்டரில் பொருந்திவிடும்: எம்42, பென்டாக்ஸ் கே, நிக்கான் எஃப், ஒலிம்பஸ் ஓஎம், கான்டாக்ஸ்/யாஷிகா. கேனான் எஃப்டி (42 மி.மீ.), மினோல்டா எம்டி (43.5 மி.மீ.) இரண்டும் பொருந்தாது, மாட்டலாம், ஆனால் தூரத்தில் ஃபோகஸ் வராது. அபர்ச்சர் வளையம் இல்லாத புது ஆட்டோஃபோகஸ் லென்ஸை, மின் தொடர்பு இல்லாத உடலில் மாட்டினால் துளையை மாற்றவே முடியாது. இந்த இடத்தில் பழைய லென்ஸ் புதியதைவிட மேல்.

ஒரு விதிவிலக்கும் உண்டு. மிக அருகில் இருக்கும் பொருளை எடுக்கும்போது லென்ஸ் ஃபிலிமைவிட்டு விலகுகிறது, வட்டமும் பெரிதாகிறது. பொருளும் படமும் ஒரே அளவு என்ற நிலையில் 43 மி.மீ. வட்டம் 86 ஆகிவிடும். கணக்குப்படி மினியை முழுக்க மூடிவிடும். பூ, நாணயம், பூச்சி என்று மட்டும் எடுக்க நினைப்பவர் பெரிதாக்கும் தொகுதி இல்லாமலே ஒரு பெல்லோஸை (நீண்டு சுருங்கும் துருத்தி) வைத்து வேலையை முடித்துக்கொள்ளலாம். இரண்டு ஸ்டாப் வெளிச்சம் போகும்.

மீடியம் ஃபார்மட்: நான் பரிந்துரைப்பது

6×6, 6×7 போன்ற அளவுகளைத்தான் மீடியம் ஃபார்மட் என்கிறார்கள். ஆர்பி67 1970-இல் வந்த 6×7 கேமரா. பேட்டரி இல்லை. ஷட்டர் ஒவ்வொரு லென்ஸுக்குள்ளும் தனித்தனியாக இருக்கிறது. ஃபோகஸ் பெல்லோஸில். பின்பக்கம் கழற்றி மாற்றும் வகை. இன்ஸ்டன்ட் ஃபிலிம் முதுகு (ஃபிலிமைத் தாங்கும் பின்பகுதி) பொருத்த இதைவிடத் தோதான உடலைக் காட்டுவது கஷ்டம். சிறு தயாரிப்பாளர்கள் இதற்கென்று இன்ஸ்டாக்ஸ் முதுகுகள் செய்து விற்கிறார்கள். ஸ்கொயர் ஃபிலிமில் 127 மி.மீ. லென்ஸ், 35 மி.மீ. கேமராவில் 62 மி.மீ. போலப் பார்க்கும். மார்பளவுப் படத்துக்கு அளவெடுத்தது போன்ற கோணம். 90 மி.மீ. போட்டால் சாதாரணக் கோணம்.

ஷட்டரைச் சார்ஜ் செய்வதும் ஃபிலிமை வெளியே தள்ளுவதும் தனித்தனி வேலைகள் என்பதால் ஒரே அட்டையில் இரண்டு மூன்று முறை வெளிச்சம் விடலாம். லென்ஸ் ஷட்டர் எந்த வேகத்திலும் ஃபிளாஷோடு ஒத்துப்போகும். அதற்குப் பழைய லென்ஸ்களில் எக்ஸ், எம் என்று ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும். எம் என்பது பழைய ஃபிளாஷ் பல்புகளுக்கானது. பல்பு சூடேற நேரம் வேண்டும் என்பதால் ஷட்டர் திறப்பதற்கு முன்பே மின்சாரம் போய்விடும். எலக்ட்ரானிக் ஃபிளாஷை அந்த நிலையில் இணைத்தால் ஃபிளாஷ் மின்னும், அட்டை மட்டும் இருட்டாக வரும். எக்ஸில் வைத்து, நகராதபடி டேப் ஒட்டிவிடுங்கள்.

இந்த வழியின் உண்மையான சிக்கல் தூரம்தான். இன்ஸ்டாக்ஸ் பெட்டி தடிமனானது.  ஆர்பி67-இன் வழக்கமான 120 சுருள் ஃபிலிம் உட்கார்ந்த இடத்தில் இன்ஸ்டாக்ஸ் ஃபிலிம் உட்காருவதில்லை, சில மி.மீ. பின்தள்ளிப் போகிறது. அப்படியானால் ஃபோகஸ் திரையில் கூர்மையாகத் தெரிவது ஃபிலிமில் கூர்மையாக விழாது. தூரத்து மலை எந்த நிலையிலும் தெளியாது. நல்ல முதுகுகள் இதை ஏதோ ஒரு விதத்தில் ஈடுகட்டுகின்றன. விற்பவரிடம் முதலில் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: திரையும் ஃபிலிமும் ஒத்துப்போகிறதா, தூரத்துக் காட்சி கூர்மையாக வருகிறதா. இரண்டுக்கும் நேரடியான பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். 127 மி.மீ. லென்ஸை எஃப்/3.8-இல் வைத்து ஒன்றரை மீட்டரில் ஒரு முகத்தை எடுத்தால் கூர்மையாக நிற்கும் ஆழம் பத்து செ.மீ. அளவுதான். அதில் தவறுக்கு இடமில்லை.

எடை இன்னொரு விஷயம். லென்ஸும் முதுகும் சேர்ந்தால் இரண்டரைக் கிலோவைத் தாண்டும். ஊர்சுற்றப் போகும்போது தோளில் போட்டுக்கொள்ளும் கேமரா இல்லை இது.

அவ்வளவு எடை வேண்டாம், வைட் ஃபிலிம்தான் வேண்டும் என்பவர்கள் மாமியா செய்து கொடுத்த போலராய்டு 600எஸ்இ-யைத் தேடுகிறார்கள். அது 73×95 மி.மீ. பேக் ஃபிலிமுக்கு (எடுத்தபின் உரித்துப் பார்க்கும் பழைய இன்ஸ்டன்ட் ஃபிலிம்) வந்தது. அதன் 127 மி.மீ. எஃப்/4.7 லென்ஸ் வைட் ஃபிலிமின் மூலைவிட்டத்தையும் மூடும். ஃபியூஜி 2016-இல் எஃப்பி-100சி என்ற பேக் ஃபிலிமை நிறுத்துவதாக அறிவித்தபிறகு அந்த உடல்களுக்குப் புதுப் பேக் ஃபிலிம் கிடைப்பது அருகிவிட்டது. பலர் அதன் முதுகை இன்ஸ்டாக்ஸ் வைடுக்கு மாற்றி வைத்திருக்கிறார்கள். மாமியா யுனிவர்சலின் லென்ஸ் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் 600எஸ்இ-யில் அப்படியே மாட்டாது. இரண்டையும் கலந்து வாங்கிவிடாதீர்கள்.

4×5: பொறுமை உள்ளவர்களுக்கு

கிராஃப்லாக் என்ற பூட்டும் முறை கொண்ட முதுகுள்ள எந்த 4×5 கேமராவிலும் மாட்டும்படி லோமோகிராஃபி 2020-இல் லோமோகிராஃப்லாக் என்ற இன்ஸ்டாக்ஸ் வைட் முதுகைக் கொண்டுவந்தது. லென்ஸ் தேர்வைப் பொறுத்தவரை இதற்கு இணை கிடையாது. வட்டம் பற்றிய கவலை அறவே இல்லை. 135 மி.மீ. எஃப்/4.7 ஸெனார் போன்ற எளிய லென்ஸ் வைட் ஃபிலிமில் 50 மி.மீ. கோணத்தைத் தரும். லென்ஸ் பலகையில் ஒரு துளை போட்டால் எதை வேண்டுமானாலும் மாட்டலாம்.

இங்கும் ஃபிலிம் வழக்கமான இடத்தைவிடப் பின்னால்தான் இருக்கிறது. அதற்காகக் கூடவே ஒரு சட்டம் தருகிறார்கள். ஃபோகஸ் பார்க்கும்போது கிரவுண்ட் கிளாஸை (படம் விழுந்து தெரியும் மங்கல் கண்ணாடி) அதன்மேல் வைத்துப் பார்த்து, பிறகு முதுகை மாட்டவேண்டும். கேமராவின் சொந்த ரேஞ்ச்ஃபைண்டர் (தூரம் அளந்து ஃபோகஸ் காட்டும் கருவி) இந்த முதுகுக்குச் சரியான தூரத்தைக் காட்டாது. ஆகவே முக்காலி, கறுப்புத் துணி, அசையாமல் உட்காரும் மனிதர் மூன்றும் வேண்டும். விளையாடும் குழந்தையை இதில் எடுப்பது நடக்காத காரியம்.

ஷட்டரே இல்லாத பழைய குழல் லென்ஸ்கள் மீது மோகம் உள்ளவருக்கு ஸ்பீடு கிராஃபிக் ஒரு வழி. உடலிலேயே 1/1000 வரை போகும் துணி ஷட்டர் உண்டு. இரண்டாம் உலகப் போரில் விமானங்களிலிருந்து படமெடுக்கச் செய்த ஏரோ எக்டார் 178 மி.மீ. எஃப்/2.5-ஐ இதில்தான் மாட்டுகிறார்கள். துளையின் விட்டம் 71 மி.மீ.; பின்னணி கரைவதற்கு இதற்கு மேல் கேட்கமுடியாது. ஆனால் அதன் கண்ணாடியில் தோரியம் இருக்கிறது. கதிரியக்கத்தோடு, காலப்போக்கில் கண்ணாடி தேயிலை நிறத்துக்குப் போய்விடும். டிஜிட்டலில் அந்த மஞ்சளை ஒரு சொடுக்கில் நீக்கிவிடலாம். இன்ஸ்டன்ட் அட்டையில் விழுந்தது விழுந்ததுதான். புற ஊதா வெளிச்சத்தில் சில வாரங்கள் வைத்தால் மஞ்சள் பெரும்பாலும் வெளுக்கும். எஃப்/1.4 டகுமார்கள் சிலவற்றுக்கும் இதே நோய், இதே மருந்து.

வைட் உடலில் லென்ஸை ஒட்டவைப்பது

பழைய 6×9 மடக்குக் கேமராவின் லென்ஸையும் ஷட்டரையும் பெயர்த்து, இன்ஸ்டாக்ஸ் வைட் கேமராவின் முகத்தை அறுத்து அங்கே பொருத்துவது. செலவு குறைவு, கையால் செய்த திருப்தி அதிகம். 105 மி.மீ. லென்ஸின் 101 மி.மீ. வட்டம் 117-ஐ முழுதாக மூடாது. திறந்த துளையில் மூலைகள் இருளும், எஃப்/11, எஃப்/16-க்குப் போகும்போது ஓரளவு தேறும். பின்னணி மங்கலுக்காக இதில் இறங்குகிறவருக்கு அது பாதி ஏமாற்றம்தான்.

அறுப்பதற்கு முன் ஒரு எச்சரிக்கை. இன்ஸ்டாக்ஸ் உடலுக்குள் ஃபிளாஷுக்கான மின்தேக்கி இருக்கிறது. பேட்டரியைக் கழற்றிய பிறகும் அதில் 300 வோல்ட் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும். எலக்ட்ரானிக்ஸ் தெரிந்த ஒருவரை வைத்து முறையாக வெறுமையாக்காமல் உள்ளே விரலையோ ஸ்க்ரூடிரைவரையோ விடாதீர்கள். இதில் பழக்கம் இல்லாதவருக்கு இந்த வழியை நான் சொல்லமாட்டேன்.

போலராய்டு பக்கம் போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எஸ்எக்ஸ்-70-இன் 116 மி.மீ. எஃப்/8 லென்ஸ், அதன் எலக்ட்ரானிக் ஷட்டர், மடங்கும் கண்ணாடி மூன்றும் ஒன்றுக்குள் ஒன்றாகக் கட்டப்பட்டவை. லென்ஸை மாற்றுவது பற்றி யோசிக்கவேண்டாம். போலராய்டு ஃபிலிமை வேறு கேமராவின் பின்னால் நேராக வைத்தால் படம் இடவலம் மாறிவரும். நாம் பார்க்கும் பக்கத்திலேயே வெளிச்சம் விழும்படி செய்த ஃபிலிம் அது. நடுவில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி வேண்டும். இன்ஸ்டாக்ஸ் பின்பக்கத்திலிருந்து வெளிச்சம் வாங்குவதால் நேராக வைத்தாலே சரியாக வரும். எழுத்துப் பலகைகளை எடுக்கிறவருக்கு இது ஒன்றே போதும், இன்ஸ்டாக்ஸைத் தேர்ந்தெடுக்க.

ஐஎஸ்ஓ 800 வைக்கும் சோதனை

இன்ஸ்டாக்ஸ் ஃபிலிமின் வேகம், அதாவது வெளிச்சத்துக்கு அது காட்டும் உணர்திறன், ஐஎஸ்ஓ 800. வீட்டுக்குள் இந்த வேகம் நல்லது. சன்னலோரம் எஃப்/4, 1/60 என்று வைத்து ஃபிளாஷ் இல்லாமல் முகம் எடுக்கலாம். வெயிலில் கதை மாறுகிறது. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 800 ஃபிலிமுக்கு எஃப்/16-இல் 1/800 வேண்டும். எஃப்/4-க்குத் திறந்தால் 1/12,800. ஆர்பி67 லென்ஸின் உச்ச வேகம் 1/400. மிச்சமிருக்கும் ஐந்து ஸ்டாப்பையும் வெளிச்சத்தை 32-இல் ஒரு பங்காக்கும் ஒரு என்டி32 ஃபில்டர்தான் விழுங்கவேண்டும். எந்த வழியில் போனாலும் லென்ஸின் முன்விளிம்பில் ஃபில்டர் மாட்ட மரை இருக்கிறதா என்று பாருங்கள். பழைய மடக்குக் கேமரா லென்ஸ்களில் பல நேரம் இருக்காது; அழுத்திச் செருகும் வளையம் தேடவேண்டியிருக்கும்.

இன்ஸ்டாக்ஸ் வெளிச்சப் பிழையைப் பொறுப்பதும் இல்லை. அரை ஸ்டாப் கூடினால் கன்னத்தின் வெளிச்சப் பக்கம் வெறும் வெள்ளையாகிவிடும். ஐம்பது அறுபது வருட ஷட்டர்களில் எண்ணெய் காய்ந்து, மெதுவான வேகங்கள் இன்னும் மெதுவாக ஓடுவது சகஜம். ஒரு நொடியில் வைத்து அழுத்திக் காதுகொடுத்துக் கேளுங்கள். பல்சக்கரச் சத்தம் சீராக ஓடி நிற்கவேண்டும், நடுவில் திக்கக்கூடாது. பெயர் தெரியாத லென்ஸ் ஆனாலும் ஷட்டர் சுத்தமாக ஓடுவதை வாங்குங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

பூச்சு இல்லாத போருக்கு முந்திய லென்ஸ்களை இந்த ஃபிலிமுக்காக ஒதுக்கவேண்டாம். அவற்றின் உள்ளே சிதறும் வெளிச்சம் படம் முழுக்க மெல்லியதாகப் படர்ந்து நிழல்களைக் கொஞ்சம் தூக்கிக்கொடுக்கும். இன்ஸ்டாக்ஸின் நிழல் சட்டென்று கறுப்பாகிவிடும் என்பதால், மற்ற ஃபிலிமில் குறையாகத் தெரிவது இங்கே உதவியாகிறது.

ஃபிலிமைச் செலவழிக்குமுன்

35 மி.மீ. லென்ஸ்கள் ஏற்கெனவே உள்ளவருக்கு ஈஎஃப் மவுண்ட் கேமரா. மனிதர்களை எடுக்கிறவருக்கு 6×7-ம் ஸ்கொயர் ஃபிலிமும். அசையாத காட்சிகளை ஆற அமர எடுப்பவருக்கு 4×5-ம் வைட் ஃபிலிமும். இதில் எதை எடுத்தாலும் முதல் பெட்டி ஃபிலிமை ஏற்றுமுன் ஒரு சோதனை செய்துவிடலாம். தீர்ந்துபோன இன்ஸ்டாக்ஸ் பெட்டி ஒன்றை எடுங்கள். ஃபிலிம் இருக்கும்போது அது முன்சட்டத்தின் உட்பக்கத்தில் அழுந்தி நிற்கும். அதே உட்பக்கத்தில், பசை உள்ள பக்கம் சட்டத்தில் படும்படி, மங்கலான ஒட்டு டேப்பை விறைப்பாக இழுத்து ஒட்டுங்கள். பெட்டியின் பின்புறத்தை வெட்டித் திறந்துவிட்டுக் கேமராவில் வைத்து, ஷட்டரைத் திறந்து பிடித்தால் ஃபிலிம் பார்க்கப்போகும் படம் டேப்பில் அப்படியே தெரியும். முதுகு மூடி இருக்கும் கேமராவானால் மூடியைத் திறந்தே வைத்துக்கொள்ளுங்கள். பத்து மீட்டர் தள்ளி ஒரு விளக்கு, தூரத்தில் ஒரு கோபுரம் அல்லது மரம், இரண்டிலும் ஃபோகஸ் பாருங்கள். திரையில் கூர்மை வந்த நிலையும் டேப்பில் கூர்மை வந்த நிலையும் வேறுபட்டால், முதுகுக்கும் உடலுக்கும் நடுவே எத்தனை மி.மீ. தவறு என்பதை அங்கேயே அளந்துவிடலாம். பிறகு டேப்பை எடுத்துவிட்டு, சட்டத்தின் ஒரு மூலையில் கண்ணை வைத்து லென்ஸ் வழியாக வெளியே பாருங்கள். துளை முழு வட்டமாகத் தெரிந்தால் அந்த மூலைக்கு முழு வெளிச்சம் வருகிறது. இருபுறமும் நறுக்கிய எலுமிச்சைத் துண்டைப் போலத் தெரிந்தால் மூலை இருளும். துளையைச் சிறிதாக்கிக்கொண்டே போய், எந்த எண்ணில் வட்டம் முழுமையாகிறது என்று குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அந்த லென்ஸை அந்த ஃபிலிமில் மூலை கறுக்காமல் எதுவரை திறக்கலாம் என்பதற்கு அந்த எண்தான் எல்லை.